212-ஆம் வரியில் அத்தை

கணினி நிரலைக் காகிதத்தில் அச்சடித்துப் படிக்கிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் வந்த முதல் நாளே எங்கள் அலுவலகத்து பிரின்டர் இரண்டு தடவை மூச்சுத் திணறி நின்றது. மூன்றாம் நாள் காலை அவர் மேஜை மேல் இரண்டு செங்கல் உயரத்துக்குக் காகிதம் இருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா. முறையாக அறிமுகம் ஆவதற்குள் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

சிவப்புப் பேனாவை அனுப்பியது எங்கள் வாடிக்கையாளர். உறைந்த மீனும் பட்டாணியும் விற்கிற பெரிய கம்பெனி. அவர்களுக்குப் பதினொரு குளிர்கிடங்குகள், ஒவ்வொன்றிலும் மைனஸ் பதினெட்டு டிகிரியில் அறைகள். அறையில் சூடு ஏறினால் பொறுப்பான ஆளின் கைபேசிக்கு எச்சரிக்கை போக வேண்டும். அந்த மென்பொருளை எழுதியவன் நான். ஒப்பந்தம் திங்கட்கிழமையோடு முடிகிறது. சிவப்புப் பேனா நிரலைப் படித்துவிட்டு 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் புதுப்பிப்பார்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் மேலாளர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"கையெழுத்து வரலன்னா திங்கட்கிழமையிலிருந்து உனக்கு லீவு. நீளமான லீவு."

என் அப்பா ஐஸ் ஆலையில் ஐஸ் பார் தூக்கியவர். நானும் இரண்டு வருஷம் தூக்கினேன். முதுகில் சாக்கு, சாக்கு மேல் ஐஸ், ஐஸ் உருகி முதுகுத்தண்டில் இறங்கும். அதற்கப்புறம் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கிடைத்தபோது, சம்பளத்தைவிட நாற்காலிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கும் காலையில் அதில் உட்காரும்போது யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று ஒரு தரம் சுற்றிப் பார்ப்பேன்.

"இருநூத்திப் பன்னிரண்டாவது வரி," என்றார் சிவப்புப் பேனா. "இந்த போன் நம்பர் யாரோடது?"

காகிதத்தை எட்டிப் பார்த்தேன். நிரலுக்கு நடுவில் ஒரு கைபேசி எண். பக்கத்தில் நானே எழுதிவைத்த குறிப்பு: 'தற்காலிகம். வெள்ளிக்கிழமை மாற்றவும்.' எந்த வெள்ளிக்கிழமை என்று எழுதவில்லை. அதற்கப்புறம் நூற்றைம்பது வெள்ளிக்கிழமைகள் வந்து போயிருந்தன.

"பதினோரு கிடங்கோட எச்சரிக்கையும் இந்த ஒரே நம்பருக்குத்தான் போகுது," என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் முந்திக்கொண்டார். அவருக்கு ஸ்லைடு என்று பெயர். எதைக் கேட்டாலும் ஒரு ஸ்லைடு காட்டுவார். குழந்தை பிறந்ததையே எங்களுக்கு ஸ்லைடில்தான் அறிவித்தார்.

"அது நம்ம இருபத்திநாலு மணி நேரக் கண்காணிப்பு மையம் மேடம்," என்று மடிக்கணினியைத் திருப்பினார். நீலப் பின்னணியில் ஒரு பெண் தலையில் ஹெட்போன் மாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "எச்சரிக்கை போய் சராசரி நாலே நிமிஷத்துல பிரச்சினை தீருது. இந்தத் துறையிலேயே இப்படி ஒரு ரெக்கார்டு கிடையாது."

"அப்படியா? பேசிப் பாக்கலாமே." சிவப்புப் பேனா எண்ணை அழுத்தி, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார்.

இரண்டாவது மணிக்கே எடுத்தார்கள்.

"எந்தக் கிடங்கு?" இடி மாதிரி ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா, நான் வந்து..."

"முதல்ல கதவை மூடிட்டுப் பேசு."

சிவப்புப் பேனா தன்னையறியாமல் திரும்பி எங்கள் அறைக் கதவைப் பார்த்தார். அது திறந்துதான் கிடந்தது. ஸ்லைடு சார் எழுந்து போய் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மூடியாச்சு," என்றார் சிவப்புப் பேனா.

"ஆங். இப்ப சொல்லு. எந்த ரூம்? எவ்வளவு காட்டுது?"

"நான் கிடங்கு இல்லீங்க. பரிசோதனைக்கு வந்திருக்கேன். உங்க பதவி என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"ஓ, ஆறாம் நம்பருக்குப் புதுசா வந்திருக்கிற சூப்பர்வைசரா நீ? நல்லதாப் போச்சு. அங்க ஒருத்தன் எந்நேரமும் தொப்பி போட்டுக்கிட்டுத் திரிவானே, அவன் நேத்து ஃபேன் முன்னாடி அட்டைப்பெட்டியை அடுக்கி வெச்சிருந்தான். காத்து எப்படிப் போகும்? அவன் மூக்குல பஞ்சை வெச்சு அடைச்சா அவன் மூச்சு விடுவானா? நான் கேட்டேன்னு சொல்லு."

பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"மூணாவது விசில். வெக்கிறேன்," என்று குரல் துண்டித்துக்கொண்டது.

ஹெட்போன் பெண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்காணிப்பு மையம்... கேன்டீனுக்குப் பக்கத்துலதான் இருக்கு மேடம்," என்றார் ஸ்லைடு சார்.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. ஆனால் தேள் மூன்று வருஷமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வயசெல்லாம் தாண்டிவிட்டது. சொல்லிவிட்டேன்.

"அது என் மாமியாருங்க."

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மென்பொருளை முதன்முதலாகச் சோதிக்கிற அன்று என் கைபேசி துணி ஊறவைத்த வாளியில் விழுந்துவிட்டது. சோதனைச் செய்தி வருகிறதா என்று பார்க்க ஒரு எண் வேண்டும். அத்தையின் கைபேசி மேஜை மேல் இருந்தது. அந்த எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதினேன். செய்தி வந்தது. கைதட்டினேன். "ஏதாவது மெசேஜ் வந்தா கண்டுக்காதீங்க அத்தை," என்று சொல்லிவிட்டு, அதே நிரலைப் பதினொரு கிடங்குக்கும் அனுப்பிவிட்டேன். வசதிக்காக இருக்கட்டுமே என்று ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் அந்தந்தக் கிடங்கின் தொலைபேசி எண்ணையும் சேர்த்திருந்தேன். யாருடைய வசதிக்கு என்று அப்போது யோசிக்கவில்லை. அதற்கப்புறம் எந்தக் கிடங்கிலிருந்தும் ஒரு புகார் வரவில்லை. புகார் வராத இடத்தைத் தோண்டிப் பார்க்கிற நிரலாளன் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் எதையும் 'கண்டுக்காமல்' இருக்கிற பிறவி அல்ல என் அத்தை. அதை நான் மறந்துவிட்டேன்.

சிவப்புப் பேனா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி 212-ஆம் வரியைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.

"உங்க மாமியார் எனக்குப் பிரச்சினை இல்லீங்க. அவங்க 212-ஆம் வரியில இருக்கறதுதான் பிரச்சினை. நாளைக்கு அவங்க நம்பர் மாறினா என்ன பண்ணுவீங்க? ஒரு நம்பருக்காக மொத்த மென்பொருளையும் மறுபடி கட்டி, பதினோரு இடத்துக்கும் அனுப்புவீங்களா?"

அதைத்தான் செய்திருப்பேன்.

"இடத்துக்கு இடம் மாறுற எதுவும் நிரலுக்குள்ள இருக்கக்கூடாது. போன் நம்பர், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி, எத்தனை டிகிரிக்கு மேல போனா கத்தணும், எல்லாமே வெளிய ஒரு தனி கோப்புல இருக்கணும். பதினோரு இடத்துக்கும் நிரல் ஒண்ணேதான். கோப்பு மட்டும் கிடங்குக்கு ஒண்ணு. அதைக் கிடங்கு ஆளுங்களே எழுதி எனக்கு நேரா அனுப்பட்டும். உங்க கை அதுல படக்கூடாது. கோப்புல நம்பர் காலியா இருந்தா மென்பொருள் கிளம்பவே கூடாது. பழைய நம்பரைத் தானா எடுத்துக்கிட்டு ஓடுற வேலையெல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிரல்ல ஒரே ஒரு நம்பர் மிச்சம் இருந்தாலும் கையெழுத்து கிடையாது."

ஸ்லைடு சார் என் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து யாரை உட்காரவைக்கலாம் என்ற பார்வை.

*

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் மூன்று வருஷமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்தவை எல்லாம் கண்ணில் பட்டன. ஜன்னலோரம் அத்தையின் நாற்காலி. அதன் பக்கத்தில் சுவரில் ஒரு தாள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறிப்பு. '3 – சோம்பேறிகள்.' '6 – தொப்பி.' '8 – நல்ல பையன்கள், ஆனால் காது மந்தம்.' தாளை ஒட்டடை மாதிரி நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை யாரும் இரண்டு விநாடிக்கு மேல் திறந்து வைத்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. திறந்தால் கூடத்திலிருந்து "கதவு!" என்று குரல் வரும். அதை நான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

அத்தை இருபத்தாறு வருஷம் ஒரு லாரி பார்சல் ஷெட்டில் மூட்டை பிரிக்கிற மேஸ்திரியாக இருந்தவர். நாற்பது ஆண்களை வேலை வாங்கியவர். லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசியில் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை. முழங்கால் போனதும் ஷெட்டில் ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களோடு வந்து இருந்த முதல் சில மாதங்கள் அவர் எங்கள் வீட்டு நாற்காலிகளை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருநாள் அமைதியாகிவிட்டார். வயசாகிறது, அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். அது நான் எண்ணை நிரலில் எழுதிய வாரம்.

என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அவளைச் சமையலறைக்குள் ஓரம் கட்டினேன்.

"உங்கம்மா மூணு வருஷமா பதினோரு கிடங்கை நடத்திட்டு இருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அம்மா குளிக்கப் போனா நான்தான் போனைப் பாத்துக்கறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

"நீங்கதானே அம்மாவுக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்தீங்க? உங்ககிட்டயே என்னத்தைச் சொல்றது?" அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுதே. 'என் மாப்பிள்ளை வாயைத் திறந்து எதுவும் சொல்லல, போனை மட்டும் செட் பண்ணிக் குடுத்தாரு. ஆளுன்னா அப்படி இருக்கணும்'னு."

அந்த நிமிஷம் நான் நிரலுக்குள் ஓடிப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

கூடத்துக்குப் போனேன். அத்தை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "சாத்திட்டியா? கையை வெச்சுப் பாரு. ரப்பர் பிதுங்கி நிக்குதா? அதை உள்ள தள்ளு. ஆங். போ." வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன மாப்ளே, மூஞ்சி தொங்குது? ஆபீஸ்ல எவனாவது ஏதாவது சொன்னானா? நம்பர் குடுங்க, பேசறேன்."

"இல்ல அத்தை. வந்து... சாப்ட்வேரை மாத்தறோம். இனிமே உங்களுக்கு மெசேஜ் வராது."

"ஏன்?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாற்பது பேர் சொன்ன பொய்யையும் இருபத்தாறு வருஷம் கேட்டுப் பழகிய முகம் எதிரே இருந்தது.

"உங்க நம்பரை நான் தெரியாம உள்ளயே எழுதிட்டேன். வெளிய தனியா எழுதிருக்கணும். இடத்துக்கு இடம் மாத்திக்கற மாதிரி."

அத்தை ஒரு விநாடி யோசித்தார்.

"விலாசத்தை மூட்டைக்குள்ள வெச்சுத் தெச்சுட்டீங்க."

"ஆமா அத்தை."

"மேல சீட்டுல எழுதிக் கட்டணும் மாப்ளே. ஊரு மாறினா சீட்டை மாத்திட்டுப் போயிட்டே இருக்கலாம். உள்ள வெச்சுத் தெச்சா, ஒவ்வொரு தடவையும் மூட்டையைப் பிரிச்சு மறுபடி தெக்கணும். எங்க ஷெட்டுல அப்படிப் பண்ணினவனை அன்னிக்கே வாசலைப் பாக்க அனுப்பிடுவோம்."

சிவப்புப் பேனா பத்து நிமிஷம் சொன்னதை அத்தை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். நான் பாராட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. இப்போதுதான் மீதி உறைத்திருக்கிறது.

"தெரியாம எழுதினேன்னு சொன்னீங்களா?"

"ஆமா... வந்து..."

"அப்ப எனக்குன்னு குடுக்கல."

அத்தை எழுந்தார். சுவரில் இருந்த தாளைக் கிழியாமல் எடுத்து நாலாக மடித்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, என் மனைவியிடம் சொன்னார்.

"உன் புருஷன்கிட்ட சொல்லிடும்மா. இந்த வேலையை எடுக்கறதுன்னா தாராளமா எடுத்துக்கச் சொல்லு."

அதற்கப்புறம் எனக்கும் அவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது.

*

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூட்டையைப் பிரித்தேன். ஒரு வீட்டைக் காலி பண்ணும்போது கட்டிலுக்கடியில் என்னவெல்லாம் கிடைக்குமோ அப்படி இருந்தது. நான் எழுதிய நிரல்தான், ஆனால் எனக்கே வெட்கமாக இருந்தது. ஐந்தாம் கிடங்கில் பெயின்டர் அறை எண்களைத் தப்பான பக்கத்திலிருந்து எழுதிவிட்டார் என்பதற்காக, 'கிடங்கு ஐந்து என்றால் எண்களைத் தலைகீழாகப் படி' என்று ஒரு வரி. ஏழாம் கிடங்கின் வாட்ச்மேன் மெதுவாக நடப்பார் என்பதற்காக 'கிடங்கு ஏழு என்றால் இரண்டு நிமிஷம் பொறு' என்று ஒன்று. அவர் ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மென்பொருள் இன்னும் அவருக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தது. பதினொரு கிடங்குக்கும் ஒரே பாஸ்வேர்டு, என் கல்யாண நாள். அதையும் ஒரு நாள் தப்பாக எழுதியிருந்தேன். மனைவிக்குத் தெரியாமல் முதலில் அதை அழித்தேன்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கிடங்குகளுக்கு ஒரு வெற்றுப் படிவம் அனுப்பினேன். அறைகள் எத்தனை, எந்த எண்ணில் தொடங்குகிறது, எத்தனை டிகிரிக்கு மேல் கத்த வேண்டும். கடைசியில்: 'எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும்? கைபேசி எண். உங்கள் கிடங்கே முடிவு செய்யவும். காலியாக விட்டால் மென்பொருள் இயங்காது. நிரப்பி நேராகப் பரிசோதகருக்கு அனுப்பவும்.'

வீட்டில் அந்த மூன்று நாளும் சொல்லி மாளாது. பழைய மென்பொருள் திங்கள்வரை ஓடும் என்பதால் செய்திகள் இன்னும் அத்தைக்குத்தான் வந்தன. கைபேசி அதிரும். அத்தை அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்ப்பார். மறுபடி அதிரும். "எனக்கென்ன வந்துச்சு," என்பார் காற்றிடம். அரை நிமிஷம். அப்புறம் கைபேசியைப் பிடுங்குகிற வேகத்தில் எடுத்து, "கதவை மூடுங்கடா பாவிகளா, மீன் செத்து ஒரு மாசம் ஆச்சு, அதை ரெண்டாவது தடவை சாகடிக்காதீங்க!" என்று கத்திவிட்டு, என் மனைவியிடம் திரும்பி, "உன் புருஷனுக்காக இல்ல. மீனுக்காக," என்பார்.

எனக்கு என்ன வேண்டும் என்பதும் மனைவி வழியாகத்தான் கேட்கப்பட்டது. "உன் புருஷனுக்குத் தண்ணி வேணுமா கேளு." நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். "வேணும்னு சொல்லு," என்பேன். "வேணுமாம்," என்பாள் மனைவி. அவளுக்குச் சனிக்கிழமை சாயங்காலமே தொண்டை கட்டிவிட்டது.

*

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு சிவப்புப் பேனா புது நிரலைப் படித்து முடித்தார். இந்தத் தடவை ஒரே ஒரு செங்கல் உயரம்தான் இருந்தது. கடைசிப் பக்கம்வரை பேனா காகிதத்தில் படவில்லை.

"நிரல் சுத்தமா இருக்கு," என்றார். நான் மூன்று நாளில் முதல்முறையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தேன்.

"இப்ப கோப்புகளைப் பாக்கலாம்." தன் மடிக்கணினியில் முதல் கிடங்கின் கோப்பைத் திறந்தார். படித்தார். இரண்டாவது. மூன்றாவது. அவர் புருவங்கள் ஒன்றை ஒன்று நெருங்கின. பதினொன்றையும் பார்த்துவிட்டு, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

பதினொரு கோப்பு. பதினொன்றிலும் 'எச்சரிக்கை யாருக்கு' என்ற இடத்தில் ஒரே எண். அத்தையின் எண்.

"என்னங்க இது? உங்க கை படக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" அவர் குரல் முதன்முதலாக உயர்ந்தது. "ஒரு இடத்துல இருந்த தப்பை எடுத்துப் பதினோரு இடத்துல வெச்சிருக்கீங்க!"

"சத்தியமா நான் இல்லீங்க. எனக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

ஸ்லைடு சார் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கணிசமான தூரத்தை உண்டாக்கினார். "நான் அப்பவே சொன்னேன் மேடம்," என்றார். எப்போது, என்ன சொன்னார் என்று சொல்லவில்லை.

சிவப்புப் பேனா பேனா மூடியைக் கழற்றினார். காகிதத்தில் கை போவதற்கு முன் ஒரு கணம் நின்று, கைபேசியை எடுத்து ஆறாம் கிடங்குக்கு அடித்தார். ஸ்பீக்கர்.

"தொப்பி போட்டிருக்கிறவர் இருக்காரா?"

"நான்தாங்க பேசறேன்." பயந்த குரல். "அட்டைப்பெட்டியை அன்னிக்கே நகத்திட்டேங்க."

"அது இல்லீங்க. கோப்புல ஒரு போன் நம்பர் போட்டிருக்கீங்களே, அதைப் போடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"யாருங்க சொல்லணும்? அந்தம்மா நம்பரை விட்டா வேற யாரு நம்பரைப் போடறது?"

"உங்க மேனேஜர் இருக்காரே."

"அவரு போன் எடுக்க மாட்டாருங்க. தப்பித்தவறி எடுத்தா மீட்டிங்ல இருக்கேம்பாரு. இந்தம்மா அப்படி இல்ல. அடிச்சதும் எடுக்கும். எடுத்ததும் திட்டும். திட்டி முடிக்கறதுக்குள்ள கதவு மூடியிருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஏங்க, அவங்களை மாத்திடப் போறீங்களா?"

அடுத்து எட்டாம் கிடங்கு. "என்னது? கேக்கல! சத்தமாப் பேசுங்க!" என்று மூன்று தடவை கத்திய பிறகு, "ஓ, கன்ட்ரோல் ரூம் அம்மாவா! ஆமா, நாங்களாத்தான் போட்டோம்!" என்றார்கள். இரண்டாம் கிடங்கில் ஒருவர், "என் பொண்டாட்டி பிரசவத்துக்கு லீவு வாங்கிக் குடுத்ததே அவங்கதாங்க. எங்க மேனேஜரைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் பேசினாங்க. தலைமை ஆபீஸ்ல ரொம்பப் பெரிய ஆளாமே?" என்றார்.

ஸ்லைடு சார் கூரையில் இருந்த மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சிவப்புப் பேனா கைபேசியை வைத்துவிட்டுப் பதினொரு கோப்பையும் மறுபடி ஒரு தரம் பார்த்தார். என் நாற்காலியின் கைப்பிடியை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"கிடங்கு ஆளுங்களே முடிவு பண்ணணும்னு சொன்னது நான்தான்," என்றார் கடைசியில். "பண்ணிட்டாங்க. இதுக்கு எதிரா என் விதிமுறையில ஒரு வரியும் இல்ல. மாமியாரைப் பத்தித் தனியா எதுவும் எழுதல." பிறகு ஸ்லைடு சாரைப் பார்த்தார். "ஆனா கோப்புல பேர் இருக்கிற ஆளு கம்பெனி ஆளா இருக்கணும். அடையாள அட்டையோட. அது இருக்கு, பதினாலாம் விதி."

"இன்னிக்கே ஸ்லைடு... அட்டை, அட்டை போட்டுடறோம் மேடம்," என்றார் அவர்.

"சரி. கடைசியா ஒரு சோதனை." புது மென்பொருளைப் பதினொரு கிடங்கிலும் ஓடவைக்கச் சொன்னார். ஒன்பதாம் கிடங்கின் கோப்பில் மட்டும் அத்தையின் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணை எழுதி அங்கே அனுப்பினார். அவ்வளவுதான், நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஒன்பதாம் கிடங்கைக் கூப்பிட்டு இரண்டாம் அறைக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னார். ஏழாவது நிமிஷம் அவருடைய கைபேசி மேஜை மேல் துள்ளியது. 'கிடங்கு 9. அறை 2. மைனஸ் 11. கவனிக்கவும்.' சிவப்புப் பேனா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். முதல் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு தன் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

*

சாயங்காலம் வீட்டுக்குப் போய், மனைவியைக் கூடத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அத்தை எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்காத மாதிரி கேட்டார்.

"பதினோரு பேரும் தனித்தனியாவா எழுதினாங்கன்னு கேளு," என்றார் மகளிடம்.

"தனித்தனியாத்தான்னு சொல்லு."

"மூணாம் நம்பர் சோம்பேறிகளுமா?"

"அவங்கதான் முதல்ல அனுப்பினாங்களாம்னு சொல்லு."

என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எக்கேடோ கெட்டுப் போங்க," என்று கட்டிய தொண்டையோடு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை மடித்து வைத்திருந்த தாளை எடுத்துச் சுவரில் மறுபடி ஒட்டினார். மூன்றாம் எண்ணுக்கு எதிரே இருந்த 'சோம்பேறிகள்' என்பதை அடித்துவிட்டு, பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்து, 'கொஞ்சம் சோம்பேறிகள்' என்று எழுதினார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வேலையை எனக்குக் குடுத்தது கிடங்கு ஆளுங்க. வேற எவரும் இல்ல. அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கும்," என்றேன், நானும் சுவரிடம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கைபேசியை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மாப்ளே."

நான்கு நாளுக்கப்புறம் நேராக வந்த முதல் வார்த்தை. எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஒன்பதாம் நம்பர்ல இருந்து காலையிலேர்ந்து ஒண்ணும் வரல. அவனுங்க அவ்வளவு யோக்கியனுங்க கிடையாது. மத்தியானம் லோடு ஏத்தறப்ப நாலு தடவையாவது கதவைத் திறந்து போட்டுட்டுத் தேடுவானுங்க. யாரோ சீட்டை மாத்திக் கட்டியிருக்காங்க."

அவர் சொல்லி முடிக்கவும் என் கைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது. சிவப்புப் பேனா. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் பேருந்து இரைச்சல்.

"ஏங்க, ஒன்பதாம் கிடங்கு, ரூம் ரெண்டு, மைனஸ் பத்துன்னு வருது. இது அஞ்சாவது தடவை. மத்தியானத்துலேர்ந்து வந்துட்டே இருக்கு. அந்தக் கோப்புல நம்பரைத் திரும்ப மாத்த மறந்துட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னு... நான் பஸ்ல நின்னுக்கிட்டிருக்கேன். இப்ப என்ன பண்ணணும்?"

அத்தை கையை நீட்டினார். கைபேசியைக் கொடுத்தேன்.

"யாரு, அன்னிக்குப் பேசின பொண்ணா? நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கம்பியை நல்லாப் பிடிச்சுக்கிட்டு நில்லு," என்று சொல்லி வைத்துவிட்டு, தன் கைபேசியில் ஒன்பதாம் கிடங்கை அழைத்தார். முதலில் கதவை மூடவைத்தார். பெட்டிகளை நகர்த்தவைத்தார். பிறகு, "கம்ப்யூட்டர் முன்னாடி எவன் இருக்கான்? நீயா? அந்தக் கோப்பைத் திற. கடைசி வரியில வேற நம்பர் இருக்கும். அதை எடுத்துட்டு என் நம்பரைப் போடு. சொல்றேன், எழுதிக்கோ. மத்ததைத் தொடாதே," என்றார்.

நான் என் மடிக்கணினியைத் திறக்கக்கூட இல்லை.

பத்து நிமிஷம் கழித்து ஜன்னலோர நாற்காலியில் அத்தையின் கைபேசி அதிர்ந்தது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, செய்தியை முழுசாகப் படித்தார். கிடங்கு ஒன்பது, அறை ஐந்து.

"வந்துட்டானுங்க," என்றார் திருப்தியாக. எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். "மாப்ளே, அந்த ஃபிரிட்ஜு கதவு."

ஓடிப்போய் மூடினேன்.